பத்து மணி நேரம்தானே

இரண்டு ஊர்களின் பெயரைத் தட்டினால் நடுவில் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று சொல்கிற பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. அதைச் செய்து வைத்தவன் என் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். ஆம்ஸ்டர்டாம் என்று ஒரு பக்கம், சென்னை என்று இன்னொரு பக்கம் போட்டால், ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய என்று வருகிறது. நடுவில் வளைத்து ஒரு கோடு. என் தம்பி ஒருநாளும் அந்தக் கோட்டின் மேல் வந்ததில்லை. வளைகுடாவில் ஏதோ ஒரு ஊரில் இறங்கி, நாற்காலியில் குந்திக்கொண்டே தூங்கி, வேறு விமானம் மாறித்தான் அவன் வந்தாக வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கிய பிறகு பழவேற்காட்டுக்கு எவ்வளவு நேரம் என்று அந்தப் பக்கம் மூச்சு விடாது. வருகிற ஆளுக்கு வர மனசு இருக்கிறதா என்பதையும் சொல்லாது.

ஆனால் தம்பி அந்தப் பத்து மணி நேரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவன் ஹாலந்துக்குப் போன நாளிலிருந்து எதைக் கேட்டாலும் அதுதான் பதில். பொங்கலுக்கு வாடா என்றால், "இன்னாக்கா, பக்கத்து ஊர்ல கீற மாதிரிதான். பத்து மணி நேரம்தானே, எப்ப வேணா வருவேன்." அம்மன் கோயில் திருவிழாவுக்கு வாடா என்றாலும் அதேதான். எப்ப வேண்டுமானாலும் வரலாம் என்கிறவன் எப்பவும் வரமாட்டான் என்பது எனக்குத் தெரிய நாலைந்து வருடம் பிடித்தது. கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரிக்கு வந்து போகிறவன்கூட ரயில் தவறிவிடுமோ என்று ஓடுகிறான். இவன் ஓடவே இல்லை.

காட்டுப்பள்ளியில் கப்பல் வேலைக்கு ஆள் எடுத்தபோது வெல்டிங் கற்றுக்கொண்டவன் அவன். துறைமுகமே வேண்டாம் என்று ஊரே போய் ரோட்டில் உட்கார்ந்த காலம் அது. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். நைனா காலையில் அந்தக் கூட்டத்தில் கோஷம் போட்டுவிட்டு வருவார், சாயங்காலம் இவன் அதே இடத்திலிருந்து சம்பள வேலை முடித்து வருவான். வீட்டில் இரண்டு பேரும் ஒரே சட்டியில்தான் சாப்பிட்டார்கள். அப்புறம் ஒரு ஒப்பந்தக்காரர் மூலமாக ஹாலந்தில் கப்பல் பட்டறை வேலை கிடைத்தது. ஊரில் கலாய்த்துத் தள்ளிவிட்டார்கள். "டச்சுக்காரன் கப்பல் ஏறி நம்ம ஊருக்கு வந்தான், இப்ப நம்ம ஆளு பிளேன் ஏறிப் போய் அவன் கப்பல ஒட்டவைக்கப் போறான்." நைனாவும் சிரித்தார்.

எங்கள் குப்பத்துக்கு அந்த நாட்டுக்காரர்கள் புதிதில்லை. தோணிரேவு தாண்டினால் பழவேற்காடு, அங்கே கடைத்தெருவை ஒட்டி டச்சுக் கல்லறை. வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மத்தியானச் சோற்றை முடித்துவிட்டு நானும் தம்பியும் போய் அந்த எலும்புக்கூட்டின் விலாவை எண்ணுவோம். உள்ளே படுத்திருக்கிறவர்களைப் பார்க்க அவ்வப்போது வெள்ளைக்காரர்கள் காரில் வருவார்கள். போன புதிதில் தம்பி போனில் பீற்றிக்கொண்டான்: "அவங்க இங்கேந்து நம்மூருக்கு வர மாசக்கணக்கா ஆச்சாம்க்கா. நான் ராத்திரி ஏறுனா மறுநாள் வூட்ல நாஷ்டா." எனக்கும் அன்றைக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

நைனாவுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னபோது நான் முதலில் கூப்பிட்டது அவனைத்தான். "சீரியஸ்னா சொல்லுக்கா, உடனே ஏறிடறேன், பத்து மணி நேரம்தானே" என்றான். சீரியஸ் என்றால் என்ன? கண் மஞ்சளாகிப் படுக்கையில் கிடக்கிற மனுஷன் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பது சீரியஸ் இல்லையா? "புள்ள வந்துக்கினு கீறான் நைனா" என்று நான் பொய் சொன்னேன். அவர் போன பிறகு அவரைக் குளிப்பாட்டுகிற நேரத்தில் தம்பி வீடியோவில் இருந்தான். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். போன் கொஞ்சம் சாய்ந்ததற்கு, "அக்கா, நேரா புடி, தெரியல" என்றான். கடைசிக் காரியம் எல்லாம் சித்தப்பா மகன்தான் செய்தான். அப்போதே அந்தப் போனைத் தூக்கி ஏரியில் எறிந்திருக்க வேண்டும்.

எறியாததற்குக் காரணம் பாடு. வெளியூர்க்காரர்களுக்காக அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரியில் அவரவர் இஷ்டத்துக்கு வலை போட முடியாது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். ஊரில் உள்ள குடும்பங்களுக்கு முறை வைத்து அந்த இடங்கள் மாறி மாறி வரும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். வருடத்துக்கு ஒரு தடவை ஊர் கூடி, பானைக்குள் குறி கீறிய மட்டி ஓடுகளைப் போட்டு, குடும்பத்துக்கு ஒரு ஆண் பானைக்குள் கை விட்டு ஒன்றை எடுப்பான். எந்த ஓடு வருகிறதோ அந்த இடமும் முறையும் அந்த வீட்டுக்கு. வலையை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். நைனா படுத்த பிறகு சித்தப்பா மகன்தான் இழுத்து எங்களுக்குப் பாதி கொடுத்துக்கொண்டிருந்தான். ஆனால் ஓடு எடுக்கிற கை வீட்டு வாரிசின் கையாக, நேரில் வந்த கையாக இருக்க வேண்டும். அப்பன் செத்த வருடம் மகன் வந்து எடுக்கவில்லை என்றால் அந்தக் குடும்பத்தின் பாடு போயிற்று. கல்யாணமாகித் தனிக்குடும்பமாகிக் காத்துக்கொண்டிருக்கிற வேறொருவனுக்கு அது போகும். போனது திரும்பி வராது.

பெண் கை கூடாது. இறால் உரிக்கக் கூடும், கூடை தூக்கிப் பொன்னேரி மார்க்கெட்டில் குந்தக் கூடும், மூன்று பிள்ளை பெறக் கூடும். பானைக்குள் மட்டும் கூடாது. நான் புருஷன் விட்டுவிட்டுப் போனபின் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். பொன்னேரியில் ஒரு செல்போன் கடையில் நிற்கிறேன். என் சம்பளமும் பாடு வழியாக வருகிற பாதியும் சேர்ந்தால்தான் எங்கள் வீட்டில் உலை. அம்மாவுக்கு அதற்கும் மேலே. அந்தப் பாடு இருக்கிறவரை நைனாவின் பெயரை ஊர் கூடி வருடத்துக்கு ஒரு தடவை உரக்கக் கூப்பிடும். அதைக் கேட்கத்தான் அவள் அந்த வருடம் முழுக்க உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தாள்.

அதனால் தம்பியிடம் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சி வராது, ஆனாலும் கெஞ்சினேன். "ஒரு டீ குடிக்கிற நேரம் வந்து நின்னா போதுண்டா. கைய வுட்டு ஓட்ட எடு. அப்புறம் நீ எங்க வேணா போ." அவன், "ஐயே, இதுக்குப் போய் இன்னாத்துக்கு அழுவுற, டிக்கெட் போட்டாச்சு" என்றான். கூட அவனுடைய மேலதிகாரி ஒருவரும் இந்தியா பார்க்க வருகிறார் என்றான். வரட்டும், யார் வேண்டுமானாலும் வரட்டும், நீ வா என்றேன். விடியற்காலையில் மீனம்பாக்கம், ஏழு மணிக்குள் வீடு. கூட்டமும் ஏழு மணிக்குத்தான்.

அன்றைக்குக் காலையில் எழுந்து போனைப் பார்த்தால், வளைகுடாவில் விமானம் தாமதம். ஏறி உட்கார்ந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். ஜன்னலோரம், சிரித்த முகம், பக்கத்தில் வெள்ளைக்காரர். விமானம் எங்கே போகிறது என்று காட்டுகிற செயலியைத் திறந்தேன். அரபிக் கடல் நடுவில் ஒரு மஞ்சள் விமானம், எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

ஊர் கூடுகிற வலைக்கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பானை நடுவில். பெண்கள் வெளியே வெயிலில். ஊர்த் தலைவரை நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன், சொந்தம் இல்லை, நைனாவோடு ஒரே படகில் போனவர். அவர் ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட, ஒவ்வொரு கையாகப் பானைக்குள் போய் வந்தது. நைனாவின் பெயர் வந்தது. அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"வாரிசு வரலியா?" என்றார் ஒரு மாமா. அவர் மகனுக்குத்தான் போன மாதம் கல்யாணம். அடுத்து காத்திருக்கிற குடும்பம் அதுதான். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வீட்டில் வயிறுகள் இருந்தன. ஆனால் அன்றைக்கு அவர் கழுத்தை நெரித்துவிடலாம் போல எனக்கு இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஓடு எடுக்கிற நாளில் ஒருவன் தண்ணீரில் மாட்டிக்கொண்டு தாமதமானால், கரையிலிருந்து அவன் படகின் பாய் கண்ணுக்குத் தெரிந்தால், அவன் வந்து சேரும்வரை ஊர் பொறுக்க வேண்டும். பாய் தெரியவில்லை என்றால் பொறுக்க வேண்டியதில்லை. இப்போது எல்லாப் படகிலும் மோட்டார் வந்துவிட்டது, வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு வலைக்கூடத்துக்குள் ஏறிவிட்டேன். "ஏ, ஏ, பொம்பள உள்ள வராதே" என்று ஒரு குரல் வந்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பெரியப்பா, பாய் தெரிஞ்சா பொறுக்கணும்னு வழக்கம் கீதா, இல்லியா?"

"கீது. அதுக்கு இன்னா இப்போ?"

"தோ பாருங்க பாய்" என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

ஒவ்வொருவராக எழுந்து வந்து தலையை நீட்டினார்கள். போனைச் சுற்றி வியர்வையும் பீடியுமாக ஒரு கூட்டம். "இது கடலா, தரையா?" என்றார் ஒருவர். "இவ்ளோ மெதுவாவா போவுது? நம்ம மோட்டார் படகே தேவல" என்றார் இன்னொருவர். காற்று எப்படி என்று பெரியப்பா கேட்டார். மேற்கிலிருந்து கிழக்கே வருகிற விமானத்துக்குப் பின்காற்று என்று தம்பி எப்போதோ சொல்லியிருந்தான், அதைச் சொன்னேன். "அப்ப இழுத்துக்கினு வந்துரும்" என்று தலையை ஆட்டினார்கள். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

மாமா விடவில்லை. "இந்தக் குருவிக்குள்ள உன் தம்பிதான் கீறான்னு இன்னா சாட்சி?" தம்பி அனுப்பிய படத்தைக் காட்டினேன். "போன்ல காட்டுறதெல்லாம் பாய் ஆயிடுமா? கரைல நின்னு கண்ணால பாக்கணும்."

"நான் கரைலதான் நிக்கிறேன், என் கண்ணாலதான் பாக்குறேன். உங்களுக்குக் கண்ணு தெரியலன்னா நான் இன்னா பண்றது?" என்று கத்திவிட்டேன். அம்மா வெளியிலிருந்து, "ஏய், மரியாதையாப் பேசு" என்றாள். பெரியப்பா கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினார். பிறகு போனை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கி, இறக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாய் தெரியுது" என்றார். "பொறுப்போம்."

அம்மா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மற்றக் குடும்பங்கள் எல்லாம் எடுத்து முடித்தார்கள். பானையில் ஒரே ஒரு ஓடு. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. டீ வந்தது. ஊரே அந்த மஞ்சள் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மங்களூர்ப் பக்கம் தரை ஏறியபோது ஒருவர் கை தட்டினார். பெங்களூரைத் தாண்டியபோது, மாமாவின் மகனே, அந்தப் புதுமாப்பிள்ளையே, "வந்துட்டான், வந்துட்டான்" என்றான். அவன் அப்பா அவனை முறைத்தார். கடைசியில் மீனம்பாக்கத்தில் இறங்கியது. கொஞ்ச நேரம் ஓடுபாதையில் நின்றது. அப்புறம் திரையிலிருந்து காணாமல் போய்விட்டது.

"இப்ப பாய் எங்க?" என்றார் மாமா.

இறங்கிவிட்டான், டாக்ஸியில் வருகிறான் என்றேன். "நான் அதக் கேக்கல. பாய் தெரியுதான்னு கேட்டேன். மறைஞ்சுபோன பாய்க்குப் பொறுக்குற வழக்கம் எங்க கீது?" அவர் சொன்னதில் தப்பே இல்லை. அரபிக் கடல் நடுவில் இருந்தபோது தெரிந்த என் தம்பி, மீனம்பாக்கத்துக்கு வந்த பிறகு தெரியாமல் போய்விட்டான். அவன் சிம் இங்கே வேலை செய்யாது. விமான நிலையத்தில் ஒரு சிம் வாங்கடா, யார் போனிலாவது கூப்பிடுடா என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். செல்போன் கடையில் வேலை செய்கிறவளின் தம்பி!

பெரியப்பா சூரியனைப் பார்த்தார். ஓடு எடுப்பதை உச்சி வெயிலுக்குள் முடிக்க வேண்டும், சாயங்காலம் முதல் பாட்டுக்கு வலை இறங்க வேண்டும். "வெயில் தலைக்கு மேல வர்ற வரைக்கும் பொறுப்போம். அவங்க அப்பன் என் உசிரக் காப்பாத்தினவன்" என்றார். மாமாவும் தலையை ஆட்டினார். மீனம்பாக்கத்திலிருந்து இரண்டு மணி நேரம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். வந்துவிடலாம். தாராளமாக வந்துவிடலாம்.

நான் போய் ரோட்டில் நின்றேன். தார் கொதித்தது. மீன் வண்டி போனது, ஷேர் ஆட்டோ போனது, பள்ளிவாசல் தெருக்காரர் ஒருவர் ஸ்கூட்டரில் போனார். மீஞ்சூரில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த லாரிகளையும், லாரி போகிற துறைமுகத்தையும், துறைமுகத்துக்கு வழி விட்டவர்களையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் நிழல் காலடிக்கு வந்துகொண்டே இருந்தது. பின்னால் வலைக்கூடத்திலிருந்து பெரியப்பா ஒரு பெயரைக் கூப்பிட்டார். நைனாவின் பெயர் இல்லை.

திரும்பிப் போனபோது புதுமாப்பிள்ளை கையில் ஓடு இருந்தது. அவன் அதைச் சட்டைப் பையில் போடலாமா, கையிலேயே வைத்திருக்கலாமா என்று தெரியாமல் நின்றான். முகத்துவாரத்தை ஒட்டிய முதல் இடம், முதல் முறை. நைனா ஆயுசு பூராவும் கேட்டுக் கிடைக்காத ஓடு. அம்மா எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

ஊர் கலைந்து வெகுநேரம் கழித்துத்தான் கார் வந்தது. தம்பி இறங்கி ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டான். தடித்திருந்தான். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில் சாக்லேட் பெட்டி. பின்னால் அந்த வெள்ளைக்காரர், நல்ல மனுஷர், எல்லோருக்கும் வணக்கம் போட்டார். முடிஞ்சுபோச்சுடா என்று நான் சொன்னதும் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "லாரிங்கக்கா! மீஞ்சூர்லேந்து வரிசை. ஒரே பேஜாரு. பிளேன்காரன்கூட பாதி லேட்ட சரிகட்டிட்டான், ஆனா இந்த ரோடு கீதே..." அவன் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு மனசு இளகிவிட்டது. நானும் சேர்ந்து லாரிகளை இன்னொரு தடவை திட்டினேன். அவன் வியர்வையை என் முந்தானையால் துடைத்துவிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் எரிகிறது.

சென்னையிலிருந்து வந்த டாக்ஸி டிரைவருக்கு அம்மா மோர் கொடுத்தாள். லாரியால் குடி கெட்டது என்று அவள் அவரிடம் புலம்ப, அவர் பாவம், ஆறுதல் சொல்லுகிறேன் என்று வாயைத் திறந்தார். "லாரி இன்னாமா, மீஞ்சூர்ல கொஞ்ச நேரந்தான். பழவேற்காட்டுக்கு நாங்க பதினொன்னரைக்கெல்லாம் வந்துட்டோமே. கல்லறையாண்டதான் லேட்டு. சாவி வெச்சிருக்கிறவரத் தேடிப் புடிச்சு, உள்ள போய், ஒவ்வொரு கல்லா போட்டோ எடுத்தாங்க."

வெள்ளைக்காரர் அதற்குள் கேமராவைத் திறந்து எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஊர்ப் பெயர் ஒரு கல்லில் இருக்கிறதாம். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் என் தம்பி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, இழவு வீட்டில் நிற்கிற மாதிரி பவ்யமாக நின்றான். நைனாவுக்கு அவன் அப்படி நிற்கவில்லை. அடுத்த படம், எலும்புக்கூட்டு வாசல். அடுத்த படம், மறுபடியும் தம்பி. அங்கிருந்து எங்கள் வலைக்கூடம் காரில் பத்து நிமிஷம். ஊர் வாயை மூடிக்கொண்டு இவனுக்காகக் காத்திருந்த நேரத்தில் இவன் அங்கே நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

நான் எழுந்த வேகத்தைப் பார்த்துவிட்டு அம்மா என் கையைப் பிடித்தாள். "வந்த புள்ளைய ஒண்ணும் சொல்லாத. வெளியாளு கீறாரு." பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். பின்னாலேயே அவன் வந்தான். "அக்கா, அவருதான் லீவு குடுத்தாரு. இத காட்றேன்னு சொல்லித்தான் வாங்கினேன். அஞ்சு நிமிஷந்தான்னு நெனைச்சேன். உள்ளூருக்கு வந்தாச்சு, இனிமே இன்னான்னு..." அவன் அதைச் சொன்னவிதம் இருக்கிறதே! பக்கத்தில் வந்துவிட்டால் அவனுக்கு எல்லாம் வந்து சேர்ந்த மாதிரிதான். "உங்க கூட்டம் எங்க நேரத்துக்கு நடக்குது, எப்பவும் லேட்டுதானேக்கா" என்று வேறு சொன்னான். பேமானி. கல்லறையில் கிடக்கிறவர்கள் மாசக்கணக்காக வாந்தி எடுத்துக்கொண்டு வந்தார்களாம், ஆனால் வந்து சேர்ந்தார்கள். ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வந்தவனுக்குக் கடைத்தெருவிலிருந்து குப்பத்துக்கு வரத் தெரியவில்லை.

அன்றைக்கு நான் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் வெள்ளைக்காரர் சென்னை ஓட்டலுக்குப் போய்விட்டார். அம்மா தம்பிக்குப் பாய் விரித்தாள், விசிறினாள், பிளேனில் தூக்கம் வந்ததா என்று கேட்டாள். பாட்டைப் பற்றி அவள் ஒரு பேச்சும் எடுக்கவில்லை. நானும் எடுக்கக் கூடாது என்று கண்ணாலேயே சொன்னாள்.

எங்கள் ஊரில் இன்னொரு வழக்கம். செத்தவனின் பாட்டை எவன் எடுக்கிறானோ அவன், முதல் பாட்டில் விழுகிற மீனில் ஒரு பங்கை அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மறுநாள் காலையில் புதுமாப்பிள்ளை வந்தான். கூடை நிறைய மடவை, மேலே ஒரு கைப்பிடி இறால், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம். ஏரி அள்ளிக் கொடுத்திருந்தது. "வெச்சிட்டுப் போறேன்க்கா" என்றான், தலை நிமிரவில்லை. அம்மா கூடையை வாங்கிக்கொண்டு, "நல்லா இரு" என்றாள். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செதில் சீவினாள். ரொம்ப நேரம் சீவினாள்.

மத்தியானம் தம்பிக்குத் தட்டு வைத்தாள். மாங்காய் போட்ட மடவைக் குழம்பு, இறால் வறுவல். அவளும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. அவன் இத்தனை வருடப் பசியோடு சாப்பிட்டான். முள்ளை உறிஞ்சினான், விரலை நக்கினான். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, சத்தியமா சொல்றேன், இந்த ருசி அங்க வரவே வராது" என்றான். "இன்னும் ரெண்டு துண்டு போடு."

"இது யாரு பாட்டு மீனுன்னு தெரியுமாடா?"

"யாரு பாட்டு?" என்றான் வாயில் சோற்றோடு. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

நான் குனிந்து அவன் தட்டை எடுத்தேன். கை அந்தரத்தில் நிற்க அவன் என்னைப் பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான். "போதும், எழுந்திருடா" என்றேன். "இங்க உனக்கு மீன் இல்ல. உன் ஊருக்குப் போய்ச் சாப்டுக்கோ. பத்து மணி நேரம்தானே?"

அம்மா என் கையைப் பிடித்துத் தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்துபோய், அவன் கை கழுவுவதற்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.